நண்டு ஆவிக்குப் பழகாத மூச்சு

மண்டபம் பக்கம் நண்டுச் சதை எடுக்கும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். நண்டு வேகும் பெரிய குக்கரின் கதவைத் திறந்தால் வெள்ளை ஆவி ஷெட் முழுக்க இறங்கும். சதை எடுக்கும் பிக்கிங் டேபிளில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதில் கரைந்துபோவார்கள். ஓடு உடையும் சத்தம் மட்டும் மிதந்துகொண்டிருக்கும்.

ஒருநாள் அந்த வெள்ளைக்குள்ளிருந்து விசில் போல ஒரு சத்தம் வந்தது. பஞ்சவர்ணத்தின் மூச்சு அது. உதடு வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்ல சார், சளி."

"சளியாம்ல! வீட்டுக்குப் போனா நல்லாருக்கா, இங்கன வந்தா இழுக்குது," என்றார் பக்கத்தில் இருந்த மைமூன். "நண்டுக்கே ஒன்னையப் புடிக்கலடி."

"போடி, பல்லு மொளைக்க முன்னாடியே நண்டு தின்னவ நானு. சார், என்னையக் குக்கர் பக்கத்துல போடுங்க. மோந்து மோந்து பழகிரும்."

பஞ்சவர்ணத்தின் சம்பளத்தில்தான் அவர் மகள் ராமநாதபுரத்தில் காலேஜ் படித்தாள். புதிதாக வருகிறவர்களுக்கு நண்டு வாடையில் வரும் குமட்டல் குக்கர் பக்கம் நின்றால் போய்விடும். இழுப்பும் அப்படிப் போகும் என்று ஷெட்டே நம்பியது. நான் அவரைக் குக்கர் பக்கம் விடாமல் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

நெபுலைசர் வைத்த டாக்டரம்மா சொன்னார்: "கிருமியை அடிக்கிற செல்லு மாதிரி, 'இவன் பகையாளி இல்ல, அடங்கு'ன்னு அதைத் தடுக்கிற செல்லும் ஒடம்புல இருக்கும்மா. நண்டு சாப்பாடா வயித்துக்குள்ள போனா பெரும்பாலும் விருந்தாளி. ஆவியா தெனம் நுரையீரலுக்குள்ள போனா சில பேருக்கு அந்தத் தடுப்பு விட்டுப்போகும். அப்புறம் மோக்க மோக்க சண்டை கூடத்தான் செய்யும்."

"அப்ப என் வேலை?"

"நண்டு இல்லாத எடத்துல பாருங்க. இனிமே நண்டு சாப்பிடுறதும் டெஸ்ட் பாத்துட்டுத்தான்."

"கடக்கரையில பொறந்துட்டு நண்டு இல்லாத எடத்துக்கு எங்கிட்டுப் போவேன்?"

கம்பெனிக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னேன். "டேபிள்ல உக்காராத ஆளுக்கு எதுக்குய்யா சம்பளம்?" என்று கேட்டார் மேனேஜர். காலி டப்பா ஸ்டோர் தனிக் கட்டடம், ஷெட்டுக்குக் காற்று வரும் பக்கம் இருந்தது; ஆவி அங்கே போகாது. அங்கே லேபிள் ஒட்ட ஆள் வேண்டும் என்றேன். ஷெட்டுக்குள் ஓர் உயிர் போனால் யார் பதில் சொல்வது என்றும் கேட்டேன். முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

புதிதாக ஷெட் மேற்பார்வைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாடைக்கு மூக்கு பழகும். இழுப்புக்கு மூச்சுக்குழாய் பழகாது. இழுப்பு வந்த ஆளை முதலில் ஆவிக்கு வெளியே கொண்டுபோங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு மைமூன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு ஸ்டோருக்குப் போவார். வாசலில் நின்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார்.

"மகாராணி, எந்தப் பக்கம் உக்காரட்டும்?"

"அங்கன," என்று தன்னைத் தாண்டிக் காற்று போகும் பக்கத்தைக் காட்டுவார் பஞ்சவர்ணம். அவர் மூச்சில் சத்தமே இருக்காது.