விழிஞம் கடலில் திமிங்கலக் குட்டியும் ஒரு கூடைச் சாளையும்

2008 ஜனவரியில் போன பயணம் இது. ஆபீசில் ஆடிட் முடிந்து, அடித்துப் போட்டதுபோல உடம்பு கிடந்த வாரம். விழிஞம் பக்கம் ஒரு திமிங்கலம் குட்டியோடு தெரிகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பார்த்தே தீர வேண்டும் என்றாள் என் மனைவி ராஜம். எனக்குச் சனிக்கிழமை நன்றாகத் தூங்க வேண்டும் என்ற ஒரே ஆசைதான். எந்த ஆசை ஜெயித்திருக்கும் என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீடு இருந்த கரமனையிலிருந்து முதல் பஸ்ஸில் கிழக்கேகோட்டை, அங்கிருந்து விழிஞம் பஸ். மொத்தம் பதினேழு கிலோமீட்டர்தான், ஆனால் ரோடு இருந்த லட்சணத்தில் ஒரு மணி நேரம் ஆயிற்று. ராஜம் ஜன்னலோரம், நான் கம்பியைப் பிடித்தபடி பாதித் தூக்கத்தில்.

படகுக்காரர் பெயர் சூசை. குளச்சல்காரர், விழிஞத்தில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். என்ஜின் வைத்த ஃபைபர் படகு, போய்வர தொள்ளாயிரம் ரூபாய். பேரம் பேசத் தெம்பில்லாமல் ஒப்புக்கொண்டேன். வழியில் அவருடைய மச்சானின் படகு பிடித்த மீனோடு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு என்று ஒரு கூடைச் சாளை மீனை எங்கள் படகுக்கு மாற்றிவிட்டுப் போனார்கள். அந்த வாடையில் எனக்குத் தூக்கம் கலைந்தது.

முக்கால் மணி நேரம் ஓடியதும் சூசை என்ஜினை அணைத்தார். தாய் பாறை மாதிரி அசையாமல் மிதந்தது. குட்டி பக்கத்தில். ராஜம் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வந்தது வீண்போகவில்லை என்று நானும் நினைத்தேன், ஒரு ஐந்து நிமிஷம்.

அதற்குப் பிறகுதான் கடல்காக்கைகளைக் கவனித்தோம். நாலைந்து இருக்கும். குட்டி மூச்சுவிட மேலே வரும்போதெல்லாம் அதன் முதுகில் இறங்கி ஒரே இடத்தைக் கொத்தின. அங்கே தோல் கிழிந்து உள்ளங்கை அகலத்துக்கு வெளுப்பாகத் தெரிந்தது. குட்டி துடித்துப்போய், மூச்சை முழுசாக இழுக்காமலே முங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும், மறுபடி கொத்து. தாய் புரண்டு நடுவில் வந்து பார்த்தது. பறவைகள் தாயைத் தாண்டிப் பறந்துபோய் அந்தப் பக்கம் இறங்கின.

"பாவம்னா, அவரை ஏதாவது பண்ணச் சொல்லுங்கோளேன்" என்றாள் ராஜம்.

சூசை அதற்கு முன்பே கூடையைக் கையில் எடுத்திருந்தார். "வலை மீனக் கொத்த பறவ வந்தா நாங்க அதுக்க பங்கப் போட்டிருவோம், சாரே. தின்னுட்டுப் போயிரும்" என்று சொல்லி, இரண்டு கை சாளையை அள்ளி வீசினார். அவர்கள் தொழிலில் அது நாள்தோறும் பலிக்கிற வழி.

இங்கும் பலித்தது. கடல்காக்கைகள் குட்டியை விட்டுவிட்டு எங்கள் பக்கம் பாய்ந்தன. குட்டி மேலே வந்து நிதானமாக மூச்சுவிட்டது. ராஜம் சிரித்தாள். சூசை இன்னும் வீசினார். ஆனால் ஒரு பறவை இறங்கினால் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிடும் போலிருக்கிறது. கரைப் பக்கத்திலிருந்து பத்தாக, இருபதாக வந்துகொண்டே இருந்தன. கூடை காலியாயிற்று. வலையென்றால் அதற்குள் இழுத்துப் படகில் போட்டிருப்பார்கள். குட்டியை எங்கே இழுத்துப் போடுவது?

வந்த கூட்டம் முழுவதும் குட்டியின் மேல் இறங்கியது. முதலில் வந்தவை கொத்துவதைப் பார்த்துப் புதிதாக வந்தவையும் கொத்தின. வெளுத்திருந்த இடம் சிவந்தது.

சூசை என்ஜினை முடுக்கிப் படகைக் கரைப் பக்கம் திருப்பினார். ஒரு கையில் சுக்கான், மறுகையைக் காலிக் கூடைக்குள் விட்டு, மீனை அள்ளி எறிவதுபோல எறிந்துகொண்டே ஓட்டினார். பறவைகள் நம்பிப் பின்னால் வந்தன. வெறுங்கையை வீசி வீசி அவர் தோள் வலித்திருக்கும். கொஞ்ச தூரம் வந்ததும் ஒன்று திரும்பியது. பிறகு இரண்டு. பிறகு நாங்கள் எண்ணவில்லை.

"இனி நாளைக்கும் தேடி வரும், சாரே. பழக்கியாச்சில்லா" என்றார் சூசை. பஸ்ஸில் ராஜம் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள், ஆனால் தூங்கவில்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை. தென் அமெரிக்கக் கடலில் இதேபோலக் கடல்காக்கைகள் திமிங்கலத்தின் தோலைத் தின்னப் பழகிவிட்டன என்று பிறகு இன்டர்நெட்டில் படித்தேன். படித்து என்ன ஆகப்போகிறது.

போகிறவர்களுக்கு: டிசம்பர், ஜனவரியில் கடல் அமைதியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் நாள், படகு கிடைப்பது கஷ்டம். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். மீன் இல்லாத படகாகப் பார்த்து ஏறுங்கள். குட்டியின் மேல் பறவை இறங்குவதைக் கண்டால் உடனே திரும்பிவிடச் சொல்லுங்கள்; நிற்கிற படகைப் பார்த்தாலே மீன் என்று நினைத்து இன்னும் பறவைகள் வரும். அந்த இடத்தில் நின்று பார்க்கத் தோன்றும், அதற்கும் மேலே, உதவி செய்யத் தோன்றும். குட்டி பிழைக்க வேண்டுமென்றால் இரண்டையும் செய்யாதீர்கள்.