தெருமுனையில் ஒரு நிமிஷம்

எங்கள் வீட்டுச் சாவுகளில் பெண்கள் தெருமுனை வரைதான். அங்கே வண்டி நிற்கும். செத்தவரை முறை சொல்லிக் கூப்பிட்டு அழுவோம், திரும்பிவிடுவோம். அதற்கு மேல் சுடுகாட்டுக்கு ஆண்கள்தான் போவார்கள். இந்த வழக்கம் ஒழியவேண்டும் என்று நானே வாய் கிழியப் பேசியிருக்கிறேன். ஆனால் எல்லையில் செத்துப்போன என் தம்பி மயிலாப்பூருக்குப் பெட்டியில் வந்த அன்று, எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு நிமிஷம்தான். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முகத்தைத்தான் பார்க்க முடியாது, வாய்விட்டு ஒருமுறை கூப்பிடவாவது வேண்டாமா? பெட்டியோடு வந்திருந்த ராணுவ சுபேதாரிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். "கண்டிப்பா நிறுத்துறோம்மா" என்றார்.

வண்டி கிளம்பும் முன்பே சேதி வந்தது. முனையில் ஒருவன் அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிறானாம். 'இந்தச் சாவுக்குப் பதில் சொல்வது யார்?' என்று எழுதியிருக்கிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் வேறு இடமே இல்லையா இவனுக்கு? விறுவிறுவென்று போனேன்.

ஐம்பது வயதிருக்கும். கட்டம் போட்ட சட்டை, முழங்கையில் மாட்டிய ஹெல்மெட். தனி ஆள். எதிரே எங்கள் பகுதிக் கட்சிக்காரர் தன் ஆட்களோடு நின்றார். அவர் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில் அவருடைய தலைவர் ஆளுயரத்துக்கு இருந்தார். என் தம்பி ஒரு மூலையில், பாஸ்போர்ட் போட்டோ அளவில்.

"இன்னா தில்லு இருந்தா எழவு வூட்டாண்ட வந்து நிப்ப?" என்று கட்சி ஆள் ஒருவன் அட்டைக்காரர் சட்டையைப் பிடித்தான். பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் நடுவில் புகுந்து விலக்கிவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. இப்பவே தூக்கி ஜீப்புல போட்டுடறேன்."

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"இன்னிக்குத்தான் வரணுமா? எங்க வயிறு எரியறது போதலையா?" என்று அட்டைக்காரரைக் கேட்டேன்.

"நாளைக்கு யாரும் இதைக் கேக்க மாட்டாங்கம்மா." அட்டையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார். "உங்க தம்பியை நான் ஒண்ணும் சொல்லல. வாயே திறக்க மாட்டேன்."

"நிக்கட்டும் சார். அந்த ஓரமா தள்ளி நிக்கட்டும்" என்றேன் இன்ஸ்பெக்டரிடம். பெருந்தன்மையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அடிதடி ஆனால் வண்டியை நிறுத்தாமல் ஓட்டிவிடுவார்கள் என்ற பயம்தான். கட்சிக்காரர் என்னை முறைத்தார். அட்டைக்காரர் எதிர் ஓரத்துக்குப் போய் நின்றார்.

வண்டி வந்தது. சுபேதார் சொன்னபடியே நிறுத்தினார். பூச்சரம் சுற்றிய கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"வீர வணக்கம்!" என்று மைக்கில் கத்தினார் கட்சிக்காரர். "வீர வணக்கம்! வீர வணக்கம்!" முனை முழுக்கத் திருப்பிக் கத்தியது. அந்த அட்டைக்கு உறைக்க வேண்டும் என்று இன்னும் உரக்க. அட்டைக்காரரோ சொன்ன சொல் மாறாமல் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"நிறுத்துங்கய்யா! நான் பேசணும்!" என்று கையை ஆட்டினேன். அழுகிறேன் என்று நினைத்து ஒருவர் போனில் படம் பிடித்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் சல்யூட் அடித்தபடி விறைப்பாக நின்றார். இவர்களை எந்த ஜீப்பில் ஏற்றச் சொல்வது?

வண்டி நகர்ந்தது. "டேய் தம்பி" என்று நான் கூப்பிட்டது என் காதுக்கே கேட்கவில்லை.