பள்ளத்தில் மிஞ்சிய பதினேழு செடிகள்

உஸ்தீன்யாவோடு இருபது கோடைகள் பேசியிருக்கிறேன், எல்லாம் ரேடியோவில். எனக்கு வடதுருவத்தை ஒட்டிய கத்தாங்கா என்ற ஊரின் வானிலை அலுவலகத்தில் வேலை. அவளுக்கு ஆற்றோட்டத்தில் கீழே நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஆய்வு நிலையத்தில் செடி எண்ணுகிற வேலை. காலை எட்டு மணிக்குக் கூப்பிடுவாள். காற்று, வெப்பம், மழை எல்லாம் சொல்லி முடித்து, "வேற ஒண்ணும் இல்ல ஸோயா" என்பாள். அதற்குப் பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

குளிர்காலத்தில் ஊருக்கு வந்துவிடுவாள். ரொட்டிக் கடையில் எதிரெதிரே நிற்போம். பெண்கள் இரண்டு பேருக்கும் பேச்சே வராது. முகத்தைப் பார்த்துப் பேச நாங்கள் பழகவே இல்லை.

அவள் வீட்டுக்காரர்கள் துருவ மான் மேய்த்தவர்கள். அரசுப் பண்ணை கலைந்த வருஷம் காட்டு மான்கள் மந்தை மந்தையாக வந்தன. வளர்ப்பு மான்களும் அவற்றோடு போய்விட்டன. பிழைப்புக்கு வேறு வழி இல்லாமல் அவளும், அவள் கேஷா என்று கூப்பிடும் புருஷன் இன்னகெந்தியும் அந்த நிலையத்துக்குப் போனார்கள். அவனுக்குக் காவல், அவளுக்கு எண்ணிக்கை. முட்டி போட்டு, தரையில் கயிறு கட்டிப் பிரித்த கட்டங்களுக்குள் ஒவ்வொரு செடியாக எண்ண வேண்டும்.

ஆறாவது கோடையில் வலை இழுத்துக்கொண்டிருந்த இன்னகெந்தி அப்படியே படகில் சரிந்தான். மூடுபனியால் ஹெலிகாப்டர் போக நாலு நாள் ஆயிற்று; அதற்குள் உயிர் போயிருந்தது. அந்த நாலு நாளும் மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டாள். முதல் நாள் அழுதாள். மூன்றாம் நாள் அழவில்லை. கட்டம் ஒன்றில் இத்தனை, கட்டம் இரண்டில் இத்தனை என்று எண்ணிக்கையை வாசித்துக்கொண்டே போனாள். எனக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

அடுத்த ஜூனில் தனியாகத் திரும்பிப் போனாள். பிறகு ஒவ்வொரு ஜூனிலும் தனியாகத்தான்.

குடிசைக்குப் பின்னால் ஒரு பள்ளம். அதில் ஜூலைக் கடைசி வரை பனி கிடக்கும். பனி உருகிய ஈரத்தில் விரல்கணு உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பூச்செடி முளைக்கும். மான் தின்னாத செடி, அதனால் எங்கள் ஆட்கள் அதற்குப் பேர் வைக்கவில்லை. உஸ்தீன்யா அவற்றை "என் ஆளுங்க" என்பாள். பனிதான் அவற்றுக்குப் பாதுகாப்பு. பனி சீக்கிரம் போனால் மண் காய்ந்துவிடும், வில்லோ என்கிற குத்துப்புதர் வந்து மூடிவிடும். முதல் வருஷம் முந்நூற்றுப் பன்னிரண்டு செடிகள். பத்தொன்பதாம் வருஷம் ஜூன் பாதியிலேயே பனி காணாமல் போனது. நாற்பத்தொன்று.

இருபதாம் கோடையில் ஜூன் மாதம் வெதுவெதுப்பான மழை விடாமல் பெய்தது. மண்ணுக்கடியில் இருந்த பழைய ஐஸ் உருகி, கரை பிளந்து பாதிப் பள்ளத்தோடு ஆற்றுக்குள் போய்விட்டது.

"ஸோயா, பதினேழுதான் மிச்சம்," என்றாள். "வதீம்கிட்ட கேளு. எடுத்து வேற இடத்துல நடலாமான்னு."

வதீம் அர்க்காதியெவிச் அந்த நிலையத்துக்குப் பொறுப்பான தாவர ஆய்வாளர். நகரத்தில் இருந்தார். போன் செய்தேன். யாரும் கை வைக்காவிட்டால் என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் இருபது வருஷமாக எண்ணுகிறோம், இப்போது தொட்டால் அத்தனையும் வீண் என்றார். கெட்ட மனுஷர் இல்லை.

அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

"அப்ப சாகுறதையும் எண்ணணுமாமா?"

"அப்படித்தான் சொல்றாரு அக்கா."

"கேஷா பக்கத்துல நாலு நாள் சும்மா உக்காந்திருந்தேன். அப்ப என்னால ஒண்ணும் முடியல. இப்ப மண்வெட்டி இருக்கு."

மறுநாள் எட்டு மணிக்கு அவள் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. விதிப்படி மேலதிகாரியிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்றாம் நாள் குரல் வந்தது. பால் டின்களில் மண்ணோடு ஒன்பது செடிகளை எடுத்து, முதுகில் கட்டி, பதினொரு கிலோமீட்டர் நடந்து, வடக்குப் பார்த்த ஒரு பாறைப் பிளவில் நட்டிருக்கிறாள். இரண்டு நடை. அங்கே இன்னும் பனி கிடந்ததாம்.

"மிச்சம் எட்டை ஏன் விட்டுட்டு வந்த?" என்று கேட்டேன்.

"வதீம் ஆயுசும் அதுலதானே போயிருக்கு. அவருக்கும் கொஞ்சம் இருக்கட்டும்."

பதிவேட்டில் எதையும் மறைக்கவில்லை. 'ஒன்பதை நான் எடுத்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை' என்று எழுதி வைத்தாள்.

ஆகஸ்டில் வதீம் வந்தார். பதிவேட்டைப் படித்துவிட்டு இரண்டு நாள் அவளோடு பேசவில்லையாம். கிளம்பும் நாள், அந்த இடத்தைக் காட்டச் சொல்லி அவள் பின்னால் நடந்தார். கண்ணாடியைக் கழற்றி முட்டி போட்டுப் பார்த்தார்.

"தண்ணி ஊத்துனீங்களா?"

"நானா? பனிதான் ஊத்துது."

அந்த இலையுதிர் காலத்தோடு நிலையம் மூடப்பட்டது. பணம் இல்லை என்றார்கள். அவள் செய்ததற்காகவா என்று நான் வதீமிடம் கேட்கவில்லை. பள்ளத்தில் விட்ட எட்டும் இரண்டு கோடைக்குள் போய்விட்டன.

உஸ்தீன்யா மட்டும் போவதை நிறுத்தவில்லை. மே மாதம் தம்பியின் பனிவண்டியில் போய், பிளவில் பனியை அள்ளிக் குவித்து, சீக்கிரம் உருகாமல் இருக்கப் பழைய மான் தோல்களைப் போர்த்திவிட்டு வருகிறாள். ஜூலையில் மீன்பிடிப் படகில் போய்க் கூடாரம் போடுகிறாள். படகுக்காரன் ப்ரகோப்பி, பனிக்குப் போர்வை போர்த்துகிற கிழவி என்று அவளை ஊரெல்லாம் கேலி செய்தான்.

"உனக்குப் போர்த்திவிட ஆள் இல்லன்னுதானே வயித்தெரிச்சல்," என்று அவள் ஒரே போடாகப் போட்டாள். அவன் பெண்டாட்டி விட்டுப் போனது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கே சொன்ன பிறகு சங்கடமாகிவிட்டது. அந்த வருஷம் அவனுக்கு ஒரு ஜோடி தோல் காலணி தைத்துக் கொடுத்தாள்.

போன ஜூலையில் எனக்குப் பணி ஓய்வு. அவளோடு போனேன். மூன்று நாள் ஒரே கூடாரத்தில் இருந்தோம். டீ வைத்தோம், மீன் சுட்டோம், கொசு விரட்டினோம். பேச்சு அதிகம் இல்லை. ஒன்பதில் ஆறுதான் பிழைத்துப் பூத்திருந்தன. பக்கத்தில் கடுகளவு இரண்டு முளை. அவற்றைக் கணக்கில் சேர்க்கலாமே என்றேன். இன்னும் ஒரு குளிர்காலம் தாண்டட்டும் என்றாள்.

நாலாம் நாள் ப்ரகோப்பியின் படகு வந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது, காற்றும் ஏறியது. என்னோடு ஊருக்கு வரும்படி கூப்பிட்டேன்.

"செப்டம்பர்ல வரேன். இன்னும் எண்ணி முடிக்கல," என்றாள்.

ஆறு செடியை எண்ண ஒரு நிமிஷம் போதும். நான் அதைச் சொல்லவில்லை. மிச்சமிருந்த ரொட்டியையும் சர்க்கரையையும் அவள் கையில் கொடுத்துவிட்டுப் படகில் ஏறினேன்.