அடுப்புக்கு மூன்று செங்கல்

அன்று ஆரியசாலைத் தெருவில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரி. நாகர்கோவிலிலிருந்து வந்த அவளுடைய அக்கா, எனக்கு மைனி. அதற்கு முந்தின ஆவணியில் எங்கள் வீட்டுக்கு வந்த மருமகள். கொல்லத்துப் பக்கத்து சேச்சி ஒருவர். பிறகு நான். எல்லாப் பேச்சும் என்னைப் பற்றித்தான் என்பதால் என்னையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பொங்காலை நாள், அம்மனுக்குப் பொங்கலிடும் திருநாள். கோயிலைச் சுற்றி மைல் கணக்கில் தெருவெல்லாம் பெண்கள் அடுப்புக் கூட்டுவார்கள். அடுப்பு என்றால் மூன்று செங்கல், மேலே ஒரு பானை. ஆண்களுக்கு அங்கே வேலை இல்லை. முந்தின நாளே கல்லைப் போட்டு இடம் பிடிக்க வேண்டும், காவல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் மூட்டை தூக்கும் பருப்புக் கடையின் தகரச் சாய்ப்புக்குக் கீழே நல்ல நிழல். வீட்டுக்காரி சொன்னபடி மூன்று அடுப்புக்குக் கல் போட்டேன். ஒன்று அவளுக்கு, ஒன்று மைனிக்கு, ஒன்று மருமகளுக்கு. மருமகளுக்கு அதுதான் முதல் பொங்காலை. அதற்கென்று புதுப் புடவை எடுத்தாயிற்று. வீட்டுக்காரி ஒரு மாதமாகத் தெரு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று.

விடிந்ததும் அந்த சேச்சி வந்தார். இடுப்பில் பானை, தோளில் பை. செங்கல் இல்லை. வழியெல்லாம் இடம் கேட்டார். எல்லாரும், இது எங்கள் ஆளுக்கு என்றார்கள். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு நடந்தார். என் முகம் அப்படி. நான்தான் கூப்பிட்டேன். ஓர் அடுப்பைக் காட்டினேன்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. மாமியாரும் மருமகளும் வீட்டில் ஒரே அடுப்பில்தானே பொங்குகிறார்கள். இங்கேயும் பொங்கட்டும்.

கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் வந்தார்கள். வீட்டுக்காரி கல்லைப் பார்த்தாள், சேச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் யோசனையைச் சொன்னேன்.

“வீட்டுல அடுப்பு ஒண்ணு. இங்க ஆளுக்கு ஒண்ணு. இத்தன வருசமா இங்க காவல் இருக்கீங்க, இதுகூடவா தெரியாது?” என்றாள்.

“மாப்பிளைக்கு வாய்தான் தொறக்காது. கை நல்லாத் தொறக்கும்” என்றார் மைனி.

மருமகள் மலையாளத்தில் படித்த பெண். “சாரமில்ல மாமா, அடுத்த வருசம் வைக்கேன்” என்றாள். ஒன்றுமில்லை என்கிறாள். ஆனால் பானையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சேச்சிக்கும் விஷயம் புரிந்துவிட்டது. குனிந்து தன் பானையைத் தூக்கப் போனார். வீட்டுக்காரி அவர் கையைப் பிடித்தாள். “வச்சத எடுக்காதீங்க சேச்சி. இருக்கட்டும்.” தன் அடுப்பை மருமகளுக்குக் காட்டினாள். மருமகள் பானையை வைத்த பிறகு, இவள் தன் பானையோடு வெயிலில் போய் நின்றாள்.

கோயிலில் மூட்டுகிற தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி எங்கள் தெருவுக்கு வர இன்னும் நேரம் இருந்தது. நான் செங்கல் தேடிப் போனேன். அன்றைக்கு இந்த ஊரில் பொன் கேட்டால்கூடக் கிடைக்கும், செங்கல் கிடைக்காது. கடைசியில் கடையின் பின்புறம் போனேன். தண்ணீர் டிரம்முக்கு அடியில் இரண்டு இருந்தன. டிரம் நிறையத் தண்ணீர். இறக்கி வைத்துவிட்டுக் கல்லோடு வந்தேன்.

“ரெண்டு கல்லுல எந்த ஊர்ல அடுப்புக் கூட்டுவாவ, மாப்பிளே?” என்றார் மைனி.

சேச்சி தன் ஓரத்துக் கல்லைக் கொஞ்சம் வெளியே நகர்த்தினார். வீட்டுக்காரி அதை ஒட்டி என் இரண்டு கல்லையும் போட்டாள். நடுக்கல் இரண்டு பேருக்கும் பொது. பானை ஆடாமல் உட்கார்ந்தது.

தீ வந்தது. மருமகள் பானைதான் முதலில் பொங்கியது. வீட்டுக்காரி போட்ட குரவைச் சத்தத்தில், சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த நான் எழுந்துவிட்டேன்.

அந்த வருடம் முழுக்க வீட்டில் இதே பேச்சுதான். பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரை கேட்டு வந்தாலும் வீட்டுக்காரி விடமாட்டாள். “அவருகிட்ட கேளுங்க. அடுப்போட எடுத்துத் தருவாரு” என்பாள். மருமகளும் சிரிக்கப் பழகிவிட்டாள்.

பொங்கி முடிந்தால் செங்கலை அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். வருடா வருடம் புதிது வாங்க வேண்டும். மறு வருடம் வீட்டுக்காரி என்னை நம்பவில்லை. தானே போய் வாங்கினாள், தானே வாசலில் அடுக்கினாள். போகிறவர்கள் அதே மூன்று பேர். ஒன்பது கல் போதும்.

“ஏத்துங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கைவண்டியில் ஏற்றும்போது எண்ணினேன்.

பன்னிரண்டு.