பங்குக்கு இரண்டணா

பாளையங்கோட்டையில் அறுப்பின் பண்டிகை ஏலம் என்றால் கிருபைராஜ்தான். விளைச்சலில் ஒரு பங்கென்று கிறிஸ்தவக் கோவிலுக்குக் காணிக்கையாக வந்த பூசணிக்காயும் சேவலும் வாழைத்தாரும் அவர் கைக்கு வந்ததும் வேறு பொருளாகிவிடும். ஒரு வருஷம் முற்றிப்போன கத்தரிக்காய் ஒன்றைத் தூக்கிக் காட்டி, இதைச் சமைக்கிற வீட்டில் அடுத்த பண்டிகைக்குள் கல்யாணம் நிச்சயம் என்றார். மூன்று பெண்களைப் பெற்ற ஒரு வாத்தியார் அதை ஒன்றேகால் ரூபாய்க்கு எடுத்தார். சொன்னபடியே அந்த வீட்டில் கல்யாணம் நடந்தது. நடந்தது வாத்தியாரின் தம்பிக்கு.

பண்டிகை வருஷத்துக்கு ஒரு தடவை. மற்ற நாட்களில் கிருபைராஜுக்கு நிலையான தொழில் கிடையாது. தையல் மிஷினுக்கு ஏஜண்டாக இருந்தார், சோடாக் கடை வைத்தார், மூட்டுவலித் தைலம் விற்றார். எதைத் தொட்டாலும் முதல் மாதம் பிரமாதமாகப் போகும். அவர் சொன்ன அளவுக்குச் சரக்கு இல்லை என்பது தெரிந்ததும் இரண்டாம் மாதம் படுத்துவிடும். மனைவி ஹெப்சிபா பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் சம்பளத்தில்தான். ஆனாலும் அவர் மேல் அவளுக்குக் கோபம் நிலைக்காது. சாயங்காலம் அவர் வந்து அன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால், கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுச் சிரிப்பாள்.

1914-ஆம் வருஷத்துப் பண்டிகைக்கு ஸ்ரீவைகுண்டத்து நெல் வியாபாரி மீரா முகைதீன் தற்செயலாக வந்து நின்றார். வேறு வேலையாக வந்தவர், திரும்பும்போது வண்டியில் ஒரு வான்கோழியோடு போனார். வான்கோழி வளர்ப்பதைப் பற்றி அவர் அதுவரை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. தன்னிடமே வான்கோழி விற்ற மனுஷன் எதையும் விற்பான் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போய், மறுவாரம் ஆள் அனுப்பினார்.

அவருக்கு அப்படி ஒருவர் வேண்டியிருந்தது. ஸ்ரீவைகுண்டம் சுற்றுவட்டாரத்தில் விளையும் நெல்லை எல்லாம் பெண்கள் உலக்கையால் குத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே இயந்திர நெல் மில் ஒன்று வைக்க அவரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து கம்பெனி பதிவு செய்திருந்தார்கள். பங்கு ஒன்று பத்து ரூபாய், மனுப் போடும்போது இரண்டு ரூபாய் கட்டினால் போதும். புதிய கம்பெனிச் சட்டம் அந்த ஏப்ரலில்தான் அமலுக்கு வந்திருந்தது. கம்பெனிக்கு வக்கீலாக இருந்த அப்பாத்துரை அதை வரிவரியாகப் படித்தவர். ஆயிரம் பங்குக்காவது மனு வந்தால்தான் பங்கு ஒதுக்கலாம். சட்டம் கொடுத்த கெடுவுக்குள் வராவிட்டால் வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஜனங்களோ கம்பெனி என்ற பேரைக் கேட்டாலே தயங்கினார்கள். சில வருஷம் முன்னால் மெட்ராஸில் பெரிய துரைமார் நடத்திய ஒரு பாங்கு மூழ்கி, இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் பணமும் அதோடு போயிருந்தது.

கிருபைராஜுக்குப் பங்குக்கு இரண்டணா கமிஷன் என்று பேச்சு. அவர் பதினைந்தே நாளில் ஊரைக் கலக்கினார். சொந்தச் செலவில் ஒரு நோட்டீஸ் அச்சடித்தார். அதில் கும்மி மெட்டில் பாட்டு ஒன்று, இன்று போட்ட பத்து ரூபாய் அடுத்த ஆடியில் இருபதாய்த் திரும்பும் என்று. சந்தையில் அவர் அதைப் பாட, பிள்ளைகள் கூடப் பாடின. மனுக்கள் கட்டுக்கட்டாக வந்தன.

நோட்டீஸ் ஒன்று வக்கீல் கைக்குப் போயிற்று. கிருபைராஜைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பங்கு வாங்க ஜனங்களை அழைக்கும் காகிதத்துக்குச் சட்டத்தில் பிராஸ்பெக்டஸ் என்று பேர், அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு, டைரக்டர்கள் கையெழுத்துப் போட்டு கம்பெனி ரிஜிஸ்திரார் ஆபீஸில் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினார்.

கிருபைராஜ், அது வேறு, இது வெறும் நோட்டீஸ் என்றார்.

"நீரு நோட்டீஸுன்னு சொல்லும், கும்மிப்பாட்டுன்னு சொல்லும். பங்கு வாங்க வாங்கன்னு கூப்பிட்டா சட்டத்துக்கு அது பிராஸ்பெக்டஸ்தான் வே. இதுல பொய் இருந்து ஒருத்தன் நஷ்டப்பட்டா, டைரக்டர்மாரு அஞ்சு பேரும் கையில இருந்து கட்டணும்."

"பொய் இல்லையே அண்ணாச்சி. அது நம்பிக்கைதான?"

"நம்பிக்கைய நீரு வச்சுக்கிடும். ஜனங்ககிட்ட உள்ளதச் சொல்லும்."

மிச்சமிருந்த நோட்டீஸ் எல்லாம் ஹெப்சிபாவின் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. பாட்டைக் கேட்டு மனுப் போட்டவர்களிடம் கிருபைராஜ் திரும்பிப் போய், ஆடியில் இருபது வராது, முதல் வருஷம் ஒன்றுமே வராமல்கூடப் போகலாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. பலர் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் சந்தையில் நின்று அசல் பிராஸ்பெக்டஸை வாசித்தபோது, அவருக்கே தூக்கம் வந்தது. அந்த ஆடியிலேயே சீமையில் சண்டை மூண்டது. கெடு முடிந்த அன்று அறுநூற்றுச் சொச்சம் பங்குக்குத்தான் மனு இருந்தது.

மீதியைச் சொந்தக்காரர்கள் பேரில் எழுதிக்கொண்டால் என்ன என்று டைரக்டர்களில் ஒருவர் கேட்டார். பேர் மட்டும் போதாது, பணமும் கைக்கு வந்திருக்க வேண்டும் என்றார் வக்கீல். மீரா முகைதீன் கிருபைராஜ் பக்கம் திரும்பினார்.

"நமக்கு ஹக்கு உரிமை இல்லாத பணம் நம்ம பெட்டியில எதுக்கு? கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரும், கிருபைராஜ்."

பணப்பையோடு அவரைத் தனியே அனுப்ப ஹெப்சிபாவுக்கு மனமில்லை. வழியில் யாராவது கஷ்டம் என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார். கிறிஸ்துமஸ் விடுமுறை வந்ததும் அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஆற்றங்கரை ஓரமாகவே ஊர் ஊராகப் போனார்கள். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே பாதை ஈரமாக இருந்தது. வாங்கியவரிடம் ரசீதில் கையெழுத்து வாங்குவது ஹெப்சிபாவின் வேலை.

கிருபைராஜைத் தூரத்தில் பார்த்ததுமே ஜனங்கள் வீட்டுக்குள் போனார்கள். ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த ஒரு ஊரில் மாரிக்கண்ணு என்ற பெண் ஒரு பங்குக்கு மனுப் போட்டிருந்தாள். நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு வியாபாரிகளுக்கு நெல் அவித்துக் குத்திக் கொடுப்பவள். மில் வந்தால் உலக்கைக்கு வேலை போய்விடும், அதனால் மில்லிலேயே ஒரு பங்கு இருக்கட்டும் என்று கணக்குப் போட்டவள். அவள் கதவை முக்கால் பாகம் சாத்திக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ரூவா கேட்டு வந்திருக்கியளாக்கும்?"

கிருபைராஜ் வாயைத் திறந்தார். சொல்வதற்கு அலங்காரமாக ஒன்றும் வரவில்லை.

"கம்பெனிக்குப் போதுமான ஆள் சேரல, தாயி. உங்க ரெண்டு ரூவா இந்தா இருக்கு."

மாரிக்கண்ணு இரண்டு ரூபாயையும் அம்மிக்கல்லில் தட்டிப் பார்த்தாள். பிறகு ஹெப்சிபாவைப் பார்த்தாள். கதவு முழுக்கத் திறந்தது. அன்றைக்கு மத்தியானம் அவர்களுக்கு அங்கேதான் சாப்பாடு, அயிரை மீன் குழம்போடு. வாங்கின பணத்தைத் திருப்பித் தருகிற கம்பெனியைப் பார்க்க அண்டை வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். எதற்காகத் தருகிறீர்கள், யார் தரச் சொன்னது என்று கேட்டார்கள். கிருபைராஜ் சட்டத்தைச் சொன்னார். ஆயிரம் பேர் சேரும் பந்தியில் அறுநூறு பேர்தான் வந்தால் அடுப்பு மூட்டக்கூடாது, கொண்டுவந்த அரிசியை அவரவருக்கே கொடுத்துவிட வேண்டும் என்று அவர் சொன்னதும் எல்லாருக்கும் விளங்கியது. அதை விளக்கும்போது தன் பழைய குரல் தானாகவே திரும்பி வந்ததை அவர் கவனித்தார். ஒன்றும் கூட்டிச் சொல்லாமலே ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுடைய வண்டிக்கு முன்னால் சேதி போய்விட்டது. அடுத்தடுத்த ஊர்களில் யாரும் கதவைச் சாத்தவில்லை. இளநீர் வெட்டி வைத்துக் காத்திருந்தார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, மறுபடி எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டார்கள். புன்னக்காயலில் ஒரு பரவர் குடும்பம் கருவாட்டுக் கட்டு ஒன்றை வண்டியில் வைத்துவிட்டது. அதன் வாசனையோடு அவர்கள் பாளையங்கோட்டை வரை வந்தார்கள். ஹெப்சிபா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு வழிநெடுகச் சிரித்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு விடுமுறை வந்ததில்லை என்றாள்.

மறு வருஷம் தூத்துக்குடியில் ஒரு பஞ்சு மில் தன் பழைய எஞ்சினை விற்றது. சண்டைக் காலத்தில் சீமையிலிருந்து புதிது வர வழியில்லை. கம்பெனி அதையே வாங்கத் தீர்மானித்துப் புதிய பிராஸ்பெக்டஸ் வெளியிட்டது. ஸ்ரீவைகுண்டம் சந்தையில் கிருபைராஜ் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று அதை வாசித்தார். இந்தத் தடவை யாருக்கும் தூக்கம் வரவில்லை. எஞ்சின் பழசு என்று வாசித்து, எத்தனை வருஷம் ஓடியது என்பதையும் வாசித்தார். ஒவ்வொரு டைரக்டரும் எத்தனை பங்கு போட்டிருக்கிறார் என்று வாசித்தார். கடைசியில் கமிஷன் பற்றிய வரி வந்தது. பங்கு விற்றுத் தருபவருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதையும் சட்டப்படி ஜனங்களுக்குச் சொல்லியாக வேண்டும். கிருபைராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பங்கு ஒண்ணுக்கு ரெண்டணாவுக்கு மிகாமல் கமிஷன். அது எனக்கு."

சந்தை குலுங்கியது. இரண்டணா அதிகம் என்றது ஒரு குரல். ஓரணா போதும் என்றது இன்னொன்று. வாழைக்காய் வியாபாரி பிச்சைக்கண்ணு, முக்காலணாவுக்குத் தானே ஊர் ஊராகக் கத்தத் தயார் என்றார். வாழ்நாள் முழுக்க விலையை ஏற்றியே பழகிய மனுஷனை, முதல் தடவையாக ஊரே சேர்ந்து இறக்கியது. கிருபைராஜ் முகம் சிவக்கச் சிரித்துக்கொண்டே, பெண்டாட்டி என்னை வீட்டுக்குள் சேர்க்க வேண்டுமே என்று கெஞ்சி, ஒன்றரை அணாவில் நிறுத்தினார். ஓரமாக நின்ற வக்கீலைப் பார்த்து, இதற்குச் சட்டம் இடம் தருமா என்று கேட்டார்.

"மிகாமல்னுதான போட்டிருக்கு. குறைச்சா சட்டம் தடுக்காது வே."

ஒரு மாதத்துக்குள் ஆயிரம் பங்கைத் தாண்டி ஆயிரத்து நானூறுக்கு மனு வந்தது. முதல் மனு மாரிக்கண்ணுவுடையது. இந்தத் தடவை இரண்டு பங்கு.

1916 தைக்குப் பிறகு மில் ஓட ஆரம்பித்தது. எஞ்சின் போட்ட சத்தத்தில் அக்ரகாரத்துப் பசுக்கள் இரண்டு நாள் பால் சுரக்கவில்லை என்று பேச்சு. நெல் அவிக்கவும் களத்தில் உலர்த்தவும் புடைக்கவும் மாரிக்கண்ணுவோடு நெல் குத்திய பெண்களையே கம்பெனி வைத்துக்கொண்டது. தோள்வலி போயிற்று என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

முதல் வருஷாந்தரக் கூட்டம் மில் களத்தில் பந்தல் போட்டு நடந்தது. லாபம் கொஞ்சம் வந்திருந்தது. அதில் பங்குக்கு ஆறணா கொடுக்கலாம் என்று டைரக்டர்கள் தீர்மானித்திருந்தார்கள். மேளம் வைக்கலாமா என்று கிருபைராஜ் கேட்டதற்கு வக்கீல் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். வரவு செலவை அவர் வாசித்து முடித்ததும் மாரிக்கண்ணு எழுந்தாள். பெண் எழுந்ததைப் பார்த்துச் சலசலப்பு உண்டாயிற்று. பங்கு வைத்திருக்கிற யாரும் கேட்கலாம் என்று வக்கீல் சொல்லவும் அடங்கியது.

"இன்னைக்கிப் போடுத சாப்பாட்டுக்கு ஆரு செலவு?"

கம்பெனிச் செலவு என்றார்கள்.

"அப்பம் என் பங்குலயும் அதுல கொஞ்சம் போகுதுல்லா? என்னைய ஒரு வார்த்தை கேக்கலியே."

மீரா முகைதீன் சிரித்துவிட்டார். சாப்பாட்டுச் செலவு தன்னுடையது, கம்பெனிக் கணக்கில் ஏறாது என்று எழுந்து நின்று சொன்னார். மாரிக்கண்ணு திருப்தியாக உட்கார்ந்தாள். பிறகு பந்தியில் முதல் வரிசையில் இடம் பிடித்து, ஹெப்சிபாவையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, பரிமாற வந்த கிருபைராஜிடம் நெய்ச்சோற்றை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள்.