டின் மூடியில் பால முருகன்

மலாக்கா டவுனில் நான் போர்டு எழுதிப் பிழைத்தவன். கடைப் பலகை, லாரிக் கதவு, அச்சகத்துக்கு லேபிள் படம், எது வந்தாலும் எழுதுவேன். எழுதுவதற்கு முன்னால் சண்டை போடுவேன். சண்டை போடாமல் நான் எழுதிய ஒரே பலகை என் சொந்தக் கடைப் பலகை. அதிலும் என் பெண்டாட்டி குறை கண்டுபிடித்தாள்.

கடை வைப்பவர்கள் எல்லாரும் ஒரே ரகம். சாமானை ஒழுங்காகச் செய்வார்கள். அதன் மேல் ஒட்டுகிற காகிதத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் புத்தி கெட்டுவிடும். நாலு விரல் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தால் பொறுக்காது. "தம்பி, இங்க சும்மாத்தானே கிடக்கு, ஒரு மயிலு போடேன்" என்பார்கள். மயில் போட்டால் தாமரை கேட்பார்கள். தாமரை போட்டால் தங்கள் மூஞ்சியைப் போடச் சொல்வார்கள். பஸ்ஸில் போகிறவன் ஒரு மூச்சுக்குள் படித்துவிட வேண்டும், அவ்வளவுதான் பலகை. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போயிற்று.

அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்தபோது சர்க்காரும் இதே தப்பைத்தான் செய்தது. விமானம் தாழப் பறந்து வந்து எஸ்டேட் மேல் நோட்டீசைக் கொட்டும். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்காரன் வெளியே வந்து சரணடைய வேண்டுமாம். ஒரு பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. எங்கள் ஆட்கள் அதில் கச்சான் கடலை மடித்தார்கள். ஆகாயத்திலிருந்து போட்டாலும் எழுத்து அதிகமானால் ஒருத்தனும் படிக்க மாட்டான்.

அந்த நாளில்தான் கறித்தூள்காரர் என்னிடம் வந்தார். ஆயர் குரோ பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவியவர். அவர் மனைவி இடிக்கும் கறித்தூளுக்கு தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்க நல்ல பெயர். அந்தத் தைரியத்தில் வேலையை விட்டுவிட்டுப் புக்கிட் பெருவாங்கில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, பெரிய உரல் இரண்டு போட்டு, சீனத் தகரக்கடையில் இருநூறு டின் செய்து வைத்திருந்தார். வேலையைச் சும்மா விடவில்லை. எஸ்டேட் ஆபீஸ் படியில் பால் வாளியைத் தூக்கி எறிந்துவிட்டு, "இனிமே உன் பெரட்டுக்கு வந்து நான் கை கட்டி நின்னா என்னை ஆம்பளைன்னு சொல்லாதே" என்று கணக்கெழுதும் கிராணியிடம் கத்திவிட்டு வந்திருந்தார். பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆள் கணக்கு எடுக்கிற வரிசை. கறித்தூள் ஓடாவிட்டால் அந்த வரிசையில்தான் போய் நிற்க வேண்டும். வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

கையில் ஒரு சாமி காலண்டரைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, மூடி மேல பால முருகன் முகம். சுத்தி லெட்சுமி. பின்னால மயிலு. அடியில ஓம்."

"அடியிலயா? டின்னுக்கு அடியில யாருண்ணே பார்க்கப் போறா?"

"சாமி பார்க்கும்."

"அப்புறம் இது என்ன?" அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோ எட்டிப் பார்த்தது. ஸ்டூடியோவில் இரவல் கோட்டும் டையும் மாட்டி எடுத்தது.

"அது நான்தான். லெட்சுமி பக்கத்துல வச்சா எடுப்பா இருக்கும்."

நான் கத்தினேன். லயத்தில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, அவர்கள் படத்தைச் சொல்லித்தான் சாமான் கேட்பார்கள், அதனால் ஒரே ஒரு படம் போதும், ஓர் உலக்கையைப் போடு, உலக்கை மார்க் கறித்தூள் என்று கேட்கட்டும், உலக்கை உன் சரக்குக்கும் பொருத்தம் என்றேன். சாமியைச் சாமானில் ஒட்டாதே என்றும் சொன்னேன். காலியான டின்னை வாங்கினவள் என்ன செய்வாள்? குப்பையில் போட மனசு வருமா? சாமி படம் இல்லாத வேறொருத்தன் டின்னை வாங்கிக்கொண்டு போவாள்.

அவர் மனைவியும் கூட வந்திருந்தார். "உலக்கைன்னா எனக்கும் சரிதான். இடிக்கிறது நான்தானே. இவரு மூஞ்சியப் பார்த்தா யாருக்குச் சோறு இறங்கும்?" என்றார்.

கறித்தூள்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்க. வேலைய விட்டுட்டு நிக்கிறவன் நான். சாமிய முன்னால விடாம நான் எப்படி இறங்குறது?"

அழுகிற ஆம்பளையிடம் கோபப்பட எனக்கு வராது. பேரம் பேசினேன். அவர் மூஞ்சியை எடுத்துவிட்டால் முருகனை விடுவேன் என்றேன். சம்மதித்தார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், முருகன் முகம் நன்றாகவே வந்தது. கன்னம் உப்பி, நெற்றியில் பட்டை, உதட்டில் ஒரு குறும்பு. லேபிளை அச்சடித்து டின்னில் ஒட்டிக் கொடுத்தோம். டவுன் கடைக்காரர்கள், "எஸ்டேட்டுல ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று கையை விரித்தார்கள். அவர் பழைய எஸ்டேட்டின் கடைக்காரர் மட்டும், "ரெண்டு வாரம் இருக்கட்டும். போகலைன்னா நீயே வந்து தூக்கிட்டுப் போ" என்று இருநூறையும் இறக்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்துக் கறித்தூள்காரர் சைக்கிளில் வந்து என் கடை வாசலில் விழாத குறையாக இறங்கினார்.

"ஒரு டின்னு போகல தம்பி. ஒண்ணுகூட! எல்லாம் உன் படத்தால."

"நான் உலக்கை போடச் சொன்னேனே!"

"அதில்ல. ஓட்டை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்தில் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, கேட்டில் காவல் வைத்திருந்தார்கள். உள்ளே போகிற தின்கிற சாமான் காட்டுக்குப் போய்விடக் கூடாது என்று, கடையில் டின் விற்றால் அங்கேயே ஆணியடித்து ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின் நாள்பட வைத்தால் கெட்டுவிடும் அல்லவா, அதுதான் யோசனை. பால் டின்னிலும் மீன் டின்னிலும் ஓட்டை போடுவதைக் கறித்தூள்காரர் தினமும் பார்த்தவர். தன் டின்னும் டின்தான் என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. ஊரிலிருப்பவனுக்கெல்லாம் புத்தி சொல்கிற என் மண்டையிலும் ஏறவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்: சாமான் எங்கே விற்கும், யார் கையில் என்ன பாடுபடும் என்று பார்க்காமல் படம் போடுகிறவன் மடையன். அன்றைக்கு நாங்கள் இரண்டு மடையர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அவரும் எஸ்டேட் கடைக்குப் போனோம். கடை வேலிக்கு வெளியே, கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். கடைக்காரர் நெற்றி நிறைய நாமம் போட்ட பெரிய மனிதர். சுத்தியலும் ஆணியும் அவர் கல்லாப் பக்கத்திலேயே இருந்தன. இருநூறு முருகனும் அலமாரியில் வரிசையாக அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு டின்னை எடுத்தேன்யா. ஆணிய வச்சேன். அது என்னையே பார்க்குது. நான் பிள்ளைகுட்டிக்காரன், எனக்கு வேண்டாம் இந்தப் பாவம்" என்றார்.

"அடியில குத்த வேண்டியதுதானே மொதலாளி?" என்றார் கறித்தூள்காரர்.

"அடியில ஓம் போட்டு வச்சிருக்கான் உன் ஆளு. சரின்னு கண்ண மூடிக்கிட்டு ஒண்ணுல குத்தினேன். கடையிலேருந்து கேட்டு வரைக்கும் கோடு போட்ட மாதிரி தூள் கொட்டிக்கிட்டே போச்சு. அந்தம்மா பாதி டின்னோட திரும்பி வந்து என்னைத் திட்டினா திட்டு, இன்னும் காதுல நிக்குது."

பக்கத்தில் குத்தலாம் என்றால் லெட்சுமி. லெட்சுமி இல்லாத இடத்தில் மயில். காலி இடமே இல்லை.

நான் பையிலிருந்து கத்தியை எடுத்து, மூடியில் ஒட்டிய படத்தைச் சுரண்டி எடுத்துவிடுவோம் என்றேன். சாமான் வாங்க வரிசையில் நின்ற லயத்துப் பெண்கள் ஒரே குரலில், "ஐயோ, சாமி முகத்தக் கிழிக்கிறான்!" என்று கூவினார்கள். கத்தியை உள்ளே வைத்தேன். வெள்ளைப் பெயிண்ட் இருந்தது, மேலே பூசிவிடலாம் என்றேன். கறித்தூள்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முருகனுக்கு வெள்ளைத் துணி போர்த்துறியா, பாவி?" என்றார். அதற்குமேல் எனக்கு யோசனை ஓடவில்லை. கோபம் மட்டும் ஓடியது.

ஆறு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். பெண்களுக்கு அவசரம். அரிசியும் பருப்பும் வாங்கி ஆயிற்று. கறித்தூள்காரர் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் அவருக்குப் பெரட்டு என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். வாளி எறிந்த கதை லயம் முழுக்கப் பரவியிருந்தது.

வரிசையில் ஒரு தடித்த அக்கா, ஐந்து பிள்ளை பெற்றவர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். "பச்சப்பிள்ளை முகந்தானே போட்டிருக்கு? பிள்ளைக்குக் காது குத்தியாச்சா?"

"என்ன?"

"படத்துல காதுல ஒண்ணும் காணோமே. குத்தலன்னா குத்துங்க. ரெண்டு காதுலயும் ஒவ்வொரு ஆணி. பிள்ளைக்குக் காது குத்துறது பாவமா? நல்ல காரியம்லா!"

நான் படத்தைப் பார்த்தேன். உண்மைதான். அவசரத்தில் கடுக்கன் போட மறந்திருந்தேன்.  கடையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"தாய்மாமன் மடியில உட்கார வச்சுத்தான் குத்தணும்!"

"முருகனுக்குத் தாய்மாமன் யாரு? பெருமாளு."

அத்தனை பேரும் கடைக்காரரின் நாமத்தைப் பார்த்தார்கள். அவர் ஒரு கையால் நெற்றியை மறைத்துக்கொண்டார்.

"ஏம்மா, என்னைய ஏன்..."

"மாமன் நீங்கதான் மொதலாளி. மருமகன மடியில வாங்குங்க. ஏய், வழி விடுங்கடி!"

அந்தப் பெரிய மனிதர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். டின்னைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். கறித்தூள்காரர் ஆணியை வலது காது மடலில் வைத்து ஓர் அடி அடித்தார். இடது காதில் இன்னோர் அடி. யாரோ ஒரு பெண் குலவை போட்டாள். அந்த அக்கா சீனிச் சாக்கிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து முருகன் உதட்டில் தடவினார். கடைக்காரர், "சீனி என் சீனி!" என்று கத்தினார். யாரும் கேட்கவில்லை.

கேட்டில் காவல் நின்ற மலாய்க்கார மாத்தா, அதாவது போலீஸ்காரர், அக்காவின் கூடையைக் கிளறினார். டின்னை எடுத்துக் குலுக்கினார்.

"லுபாங் மானா?" ஓட்டை எங்கே என்று கேட்டார்.

அக்கா இரண்டு காதையும் தொட்டுக் காட்டினார்.

"டுவா?" மாத்தா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஏன் ரெண்டு?"

"ஒரு காதுல குத்தினா பிள்ளை கோணலா இருக்கும்லா ஐயா." இதை அக்கா பாதி மலாயிலும் பாதி தமிழிலும் கையாலும் விளக்கினார். மாத்தா சிரித்துவிட்டு, "ஜாலான், ஜாலான்" என்று போகச் சொன்னார்.

பிறகு நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. கேட் மூடும் வரை ஆணிச் சத்தந்தான். கடைக்காரருக்கு மடி வலித்தது, மருமகன்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அடுத்த ஞாயிறு முடிவதற்குள் அலமாரி காலி. ஓட்டையும் தோதாகப் போயிற்று. மூடியைத் திறக்காமலே டின்னைக் கவிழ்த்தால் காது வழியாகக் குழம்பில் அளவாகத் தூள் விழுகிறது என்று பெண்கள் கண்டுபிடித்தார்கள். நாள்பட்டால் காற்றுப் பட்டு மணம் போய்விடும், அதனால் சீக்கிரம் தீர்த்துவிட்டு அடுத்த டின்னுக்கு வந்தார்கள். சாமான் காட்டுக்கு ஓடவிடாமல் செய்யச் சர்க்கார் போட்ட ஓட்டை, அதைக் கடையில் ஓடவைத்தது. காது குத்தின முருகன் கறித்தூள் என்று பெயரும் விழுந்தது. நான் லேபிளில் எழுதிய பெயர் என்ன என்று எனக்கே மறந்துவிட்டது. கடைக்காரர்களே, பெயர் வைப்பது நீங்கள் இல்லை. வாங்குகிறவள் வைப்பாள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு பேசாமல் அச்சடியுங்கள்.

அடுத்த அச்சுக்குக் கறித்தூள்காரர் என்னிடம் வந்தார். இந்தத் தடவை நிமிர்ந்து நடந்து வந்தார்.

"தம்பி, காதப் பெரிசாப் போடு. ஆணி சறுக்குதாம். கன்னத்துல குத்திடுறானுங்க."

"எவ்வளவு பெரிசு?"

அவர் கையை விரித்துக் காட்டினார். அப்பளம் அளவு. நான் பிரஷ்ஷை வீசி எறிந்தேன். முருகனா யானையா என்று கேட்டேன். இப்படி ஒரு படத்தில் என் கை பட்டது என்று தெரிந்தால் மலாக்காவில் ஒருத்தன் எனக்குப் பலகை கொடுக்க மாட்டான் என்றேன்.

அவர் மனைவி, "கத்தி முடிச்சிட்டீங்களா தம்பி? அப்படியே மயிலையும் எடுத்துடுங்க. அந்த இடத்துல எப்படி இடிக்கிறேன்னு எழுதணும்" என்றார்.

வரைந்தேன். மடலில் ஆணி வைக்க ஒரு கறுப்புப் புள்ளியும் வைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் எங்கள் பக்கத்தைக் கம்யூனிஸ்டு தொல்லை தீர்ந்த வெள்ளைப் பகுதி என்று அறிவித்து, சாமான் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். டின்னில் ஓட்டை போட வேண்டியதில்லை. கடைக்காரர் சந்தோஷமாகச் சுத்தியலை உள்ளே வைத்துவிட்டு, முழு டின்னை அந்த அக்காவிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. கல்லாவுக்கு முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன மொதலாளி, மாமன் முறைய விட்டுட்டீங்க? உட்காருங்க, மடிய விரிங்க."

கடைக்காரர் அரிசி மூட்டையைத் தேடிப் போனார்.