செயலாளரின் இரண்டாம் பாகம்

எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் குடியிருப்பாளர் குழுச் செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக் கதவைத் தட்டி, கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டியது நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றேன். திரையில் ஒரு பேயின் முகம். கண்ணுக்கு மை இழுத்து, நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, உதட்டோரம் ரத்தம் ஒழுகவிட்டுக் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவளைப் போல இருந்தாள். "ரெண்டாம் பாகம் வந்துடுச்சுமா," என்றார். அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சலை இன்றைக்கும் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை.

அவர் எங்கள் குவீன்ஸ்டவுனை விட்டுப் பொங்கோலுக்குக் குடிபோய் ஓராண்டாகிறது. இப்போது அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அந்தப் படத்தின் மூன்றாம் பாகமும் வரப்போகிறது என்று நேற்று அவரே எனக்குச் செய்தி அனுப்பியிருந்ததுதான். கூடவே கைதட்டும் பொம்மைகள் ஆறு. நான் பதில் போடவில்லை.

பேய்ப் படங்களின் இரண்டாம் பாகங்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். முதல் பாகம் எடுக்கும்போது இயக்குநருக்குத் தன்மேல் அவ்வளவு நம்பிக்கை இருக்காது. அதனால் பேயைக் காட்டப் பயந்து ஒரு கதவைக் காட்டுவார், ஒரு குழாயைக் காட்டுவார், யாரோ நடக்கும் சத்தத்தைக் கேட்கவைப்பார். மிச்சத்தை நாமே கற்பனை செய்துகொண்டு நடுங்குவோம். படம் ஓடிவிட்டால் போதும், இரண்டாம் பாகத்தில் அவருக்குத் தைரியம் வந்துவிடும். பேய் எந்த ஊர்க்காரி, எந்தக் கல்லூரியில் படித்தாள், யாரைக் காதலித்தாள், எவன் ஏமாற்றினான் என்று ஜாதகத்தையே எடுத்து வைப்பார். இவ்வளவும் தெரிந்த பிறகு அவள் பேயா? பக்கத்து வீட்டுப் பெண். அவளைப் பார்த்து அய்யோ பாவம் என்று தோன்றுமே தவிர, பயம் எங்கிருந்து வரும்? நான் பார்த்ததில் தேறிய இரண்டாம் பாகங்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். விளக்கம் சொல்லத் தொடங்கினால் முதல் பாகமும் சேர்ந்து கெட்டுவிடும் என்பதுதான் என் கட்சி. அந்த ஞாயிற்றுக்கிழமையும் வாசலில் நின்றபடியே இதையெல்லாம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "அதெல்லாம் சரிமா, எந்தச் சனிக்கிழமை வைக்கலாம்?" என்று கேட்டார்.

அவருக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் கூடியது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் முதல் பாகத்தை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் திரை கட்டிப் போட்டோம். ஏற்பாடு முழுவதும் செயலாளருடையது. அந்த நேரத்தில் அவருக்கும் அவர் மகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தும் அந்தப் பெண் பல்கலைக்கழகத்துக்கு நேர்வழியான தொடக்கக் கல்லூரிக்குப் போகாமல் பலதுறைத் தொழிற்கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாள். இவர் ஒரு கல்யாண விருந்தில், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், "இதுக்கு மேல இவளுக்கு ஏறாது," என்று சொல்லிவிட்டார். அதோடு சரி. ஐந்து மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை கிடையாது. இடையில் செய்தி சுமந்து சுமந்து அவர் மனைவிக்குத்தான் அலுத்துப்போனது. படத்துக்கு மகள் வந்ததே அம்மாவின் கெஞ்சலுக்காகத்தான்.

அது சீனர்களின் ஏழாம் மாதம், ஆவிகள் வெளியே வந்து உலவும் என்று அவர்கள் நம்பும் மாதம். அந்த மாதத்தில் நடக்கும் மேடைப் பாட்டுக் கச்சேரிகளில் முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடுவார்கள். அவை ஆவிகளுக்கான இடம். எங்கள் புளோக்குச் சீன அண்டைவீட்டார் யாரும் சொல்லிவைக்காமலே இரண்டாம் வரிசையிலிருந்து உட்கார்ந்தார்கள். மலாய்க் குடும்பங்களும் விவரம் தெரிந்து அவர்களுக்குப் பின்னால் போய்விட்டன. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த செயலாளர், ஏற்பாட்டுப் பரபரப்பில் அத்தனையையும் மறந்துவிட்டார். நல்ல இடம் சும்மா கிடக்கிறதே என்று சைகையாலேயே மகளைக் கூட்டிக்கொண்டு முன்வரிசை நடுவில் போய் உட்கார்ந்தார். பின்னால் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கூட்டம் ரசிக்கிறது என்று நினைத்து அவர் திரும்பிக் கைகாட்டினார்.

படம் பாதி ஓடிய பிறகு, என் பக்கத்தில் இருந்த நான்காம் மாடிச் சீன ஆன்ட்டி பொறுக்க முடியாமல் முன்னால் குனிந்து அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். அவர் எழுந்திருக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. திரையில் ஈரச் செருப்புச் சத்தம் கதவுக்கு வெளியே வந்து நின்றது. அதே நொடியில், படம் போடும் கருவியைச் சொருகியிருந்த இடத்திலேயே யாரோ சோளப்பொரி இயந்திரத்தையும் சொருக, மொத்தமும் அணைந்துபோனது. எண்பது பேர் போட்ட கூச்சலில் பத்தாம் மாடிக் குழந்தைகள் விழித்து அழுதன. ஆவிகளின் வரிசையில் இரண்டு உருவங்கள் மட்டும் உட்கார்ந்திருப்பது வெளியே இருந்த சாலை விளக்கில் மங்கலாகத் தெரிந்தது. அந்த இருட்டில் மகள் சட்டென்று அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, "அப்பா!" என்றாள்.

இதைப் பார்த்தது நான். மறுநாள் மின்தூக்கியில் அவரிடம், "பாப்பா நல்லா பயந்துட்டா அண்ணே, உங்களை அப்படிப் பிடிச்சுக்கிட்டா," என்று சொன்னதும் நான்தான். சந்தோஷத்தில் அவர் முகம் சிவந்துபோனது. ஐந்து மாதத்துக்குப் பிறகு மகள் வாயிலிருந்து அப்பா என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. ஆனால் படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் அவள் பொங்கோலில் தோழிகளோடு அறை எடுத்துப் போய்விட்டாள். மாதத்துக்கு ஒரு முறை வந்து, சாப்பிட்டு, கைப்பேசியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். சண்டை இல்லை. சண்டை போடும் அளவுக்குக்கூட ஒட்டுதல் இல்லை என்பதுதான் அவருடைய வருத்தம். இந்த நிலையில்தான் இரண்டாம் பாகம் வந்தது. மகள் இன்னொரு முறை பயந்தால் இன்னொரு முறை தன் கையைப் பிடிப்பாள் என்று அந்த மனிதர் மனதாரக் கணக்குப் போட்டிருந்தார்.

என் வாயை அடைக்க என்னைத் தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போய் மட்டன் பிரியாணி வாங்கித் தந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, திட்டத்தைச் சொன்னார். அதே ஏழாம் மாதம், அதே கீழ்த்தளம். பேய் கதவைத் திறக்கும் நேரத்தில் அவர் கையைத் தூக்குவார், நான் படம் போடும் கருவியின் மின்விசையை அணைக்க வேண்டும்.

"அண்ணே, உங்களுக்கே இது நல்லா இருக்கா? பிள்ளைகிட்ட பேசணும்னா நேரா பேசுங்க. கல்யாணத்துல சொன்னதுக்கு ஒரு சாரி சொல்லுங்க. அதுக்கு எதுக்குப் பேய்?"

"சாரியா? அது அப்பவே முடிஞ்சுபோச்சு லா. இப்ப போய்க் கிளறுனா இன்னும் மோசமாயிடும். நீங்க சுவிட்சை மட்டும் பார்த்துக்குங்கமா."

மகளிடம் மன்னிப்புக் கேட்பதைவிட எண்பது பேருக்கு நாற்காலி போடுவது சிலருக்குச் சுலபமாக இருக்கிறது. முன்வரிசையில்தான் உட்காருவேன் என்றும் அடம்பிடித்தார். நான்காம் மாடி ஆன்ட்டி அதற்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. விளையாட்டுக்குக்கூட அந்த நாற்காலிகளில் யாரும் உட்காரக் கூடாது என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டார். செயலாளர் இரண்டாம் வரிசைக்குப் போனார்.

மகள் வந்தாள். வேலையிலிருந்து நேராக, கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அந்த வரிசை ஓரத்தில், சுவர் விசைக்குப் பக்கத்தில் நின்றேன். படம் நான் நினைத்ததைவிடக் கேவலம். பத்தாவது நிமிடத்திலேயே பேய் முழு வெளிச்சத்தில் வந்து நின்று வசனம் பேசினாள். பேய் ஓட்ட நான்கு காமெடியன்கள் வந்தார்கள். முதல் பாகத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்த அந்த ஈரச் செருப்பு, காதலன் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்ததாம். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு பேய் ஏதோ ஒரு பனிமலையில் காதல் பாட்டுக்கு ஆட ஆரம்பித்தாள். பின்வரிசையில் மலாய்ப் பையன்கள் கூடவே கைதட்டி ஆடினார்கள். ஆன்ட்டி கொட்டாவி விட்டார். செயலாளர் மட்டும் திரையைப் பார்க்காமல் மகளின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து, பயம் வருகிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். அவள் கைப்பேசியில் பேருந்து நேரம் பார்த்தாள். இரண்டாவது சரணம் ஆரம்பித்ததும் என் பொறுமை போய்விட்டது. அவர் கையைத் தூக்கவே இல்லை. நான் விசையை அணைத்துவிட்டேன்.

ஒருவரும் அலறவில்லை. "ஹூரே!" என்று ஒரு சத்தமும் நல்ல கைதட்டலும் கேட்டன. அந்த ஆரவாரத்துக்கு நடுவே, இரண்டடி தூரத்தில், மகளின் குரல் எரிச்சலோடு வந்தது.

"அப்பா, இது உங்க வேலைதானே?"

அவர் நாற்காலியில் நெளியும் சத்தம் கேட்டது.

"நான் பயப்படணும்னு செஞ்சீங்களா? எதுக்கு லா?"

"போன தடவை பயந்தியே பாப்பா," என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. "என் கையைப் பிடிச்சியே."

"எனக்கு எங்கே பயம்பா? அந்த ஆன்ட்டி வந்து சொன்னதுல இருந்து நீங்கதான் நடுங்கிக்கிட்டு இருந்தீங்க. நாற்காலியே ஆடுச்சு. லைட்டும் போச்சா, உங்களுக்கு ஏதாவது ஆயிடப்போகுதுன்னுதான் பிடிச்சேன்."

நான் விசையைத் திரும்பப் போடவே மறந்து நின்றேன். ஐந்து ஆண்டுகளாக இந்த மனிதரிடம் தவறான கதையைச் சொல்லி, அதற்குச் சாட்சியாகவும் இருந்தவள் நான். யாரோ வந்து விசையைத் தட்டினார்கள். பனிமலையில் பேய் விட்ட இடத்திலிருந்து ஆடினாள். செயலாளர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். பாட்டுச் சத்தத்தில் எனக்கு முழுவதும் கேட்கவில்லை. "அன்னிக்குக் கல்யாணத்துல" என்பது மட்டும் காதில் விழுந்தது. அவள் பேருந்து நேரம் பார்த்த கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். படம் முடியும்வரை இருவரும் திரையைப் பார்க்கவே இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவர் என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நானே முந்திக்கொண்டு, "இருட்டுல எனக்குச் சரியா தெரியலண்ணே," என்றேன்.

"பரவால்லமா," என்றார். "அவ பயந்து என்னைத் தேடுனான்னு இத்தனை நாள் சந்தோஷப்பட்டேன். என்கூடப் பேசாத நேரத்துலகூட அவதான் என்னைப் பார்த்துக்கிட்டிருந்திருக்கா. நான்தான் ஒரு நாளும் அவளைப் பார்க்கல." கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றார்.

விளக்கம் சொன்னால் முதல் பாகம் கெட்டுவிடும் என்று அவரிடம் அத்தனை முறை அடித்துச் சொன்னவள் நான். அது தப்பு என்று ஒத்துக்கொள்ள வாயைத் திறப்பதற்குள் மின்தூக்கிப் பக்கமிருந்து மகள், "அப்பா, பசிக்குதுப்பா, வாங்க," என்று கூப்பிட்டாள். கையில் தூக்கியிருந்த இரண்டு நாற்காலிகளை என்னிடம் கொடுத்துவிட்டு மனிதர் ஓடினார். எண்பது நாற்காலிகளையும் நான் ஒருத்தியே அடுக்கி வைத்தேன்.